வெள்ளிக்கிழமை டேப்

சாந்தகுமாரி அக்காவை நான் முதலில் பார்த்தது 1998இல், அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மூன்று அடுக்குக் கட்டடத்தில். கீழே பெயின்ட் கடை, முதல் மாடியில் தையல் வகுப்பு, இரண்டாம் மாடியில் எங்கள் கம்பெனி. வெப்சைட் செய்து கொடுப்போம். அந்த வார்த்தையே அப்போது பெங்களூரில் பாதிப் பேருக்குப் புதிது. நான் பக்கங்களை வடிவமைக்கிறவன். அக்கா டேட்டா என்ட்ரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனார். விடிவதற்கு முன் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறி, கண்டோன்மென்ட்டில் இறங்கி, பஸ் பிடித்து, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்பா சின்னப்பா சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் பாறையில் துளை போட்டவர். கல்தூசி நுரையீரலில் படிந்து, கடைசி இரண்டு வருஷம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கி, 1996இல் இறந்துபோனார். கணவர் தாஸும் சுரங்கத்தில்தான், பாறை இடிந்து விழாமல் முட்டுக்கட்டை நிறுத்துகிற வேலை. ஒரே பெண், அனுஷா. அப்பா போன பிறகு ராபர்ட்சன்பேட்டையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு அக்கா வேலைக்கு வந்திருந்தார்.

1999 ஜூலையில் ஒரு நாள் ஆபீஸ் சர்வரைத் திறந்தால் உள்ளேயிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒரு பட்டுச்சேலைக் கடைக்காக நான் மூன்று வாரம் உட்கார்ந்து செய்த பக்கங்கள், அக்கா அடித்த எழுநூறு சேலைகளின் பட்டியல், எல்லாம் போயிற்று. எங்கேயும் நகல் இல்லை. கம்பெனியை நடத்திய பாலகுமார் சேலத்துக்காரர், அப்போது முப்பத்தோரு வயது. தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. பிறந்தநாள் என்றால் தானே போய் கேக் வாங்கி வருவார்.

அதற்கடுத்த மாதம் ஒரு டேப் டிரைவ் வாங்கினார். பாட்டு கேசட்டைவிடச் சின்னதாக ஒரு டேப். உள்ளங்கையில் அடங்கும். சர்வரில் இருக்கும் மொத்தத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். திங்கள் முதல் வியாழன் வரை அன்றன்றைக்கு மாறியவற்றை மட்டும் எழுதவேண்டும், வெள்ளிக்கிழமை முழுவதையும்.

“யாராவது ஒருத்தர் பொறுப்பா பாத்துக்கணும்” என்றார் பாலகுமார்.

நாங்கள் எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்தோம். யாருக்கும் பெயர் வாங்கித் தராத வேலை அது. ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் பாராட்ட மாட்டார்கள்.

“நான் பாத்துக்கறேன் சார்” என்றார் அக்கா.

அவர் அதைச் செய்த விதத்தை நான் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தேன். ஒரு நீள நோட்டு வாங்கி, தேதி, டேப் எண், எந்தெந்த வெப்சைட், எவ்வளவு நேரம் எடுத்தது என்று கட்டம் போட்டு எழுதினார். திங்கட்கிழமை காலையில் வெள்ளிக்கிழமை டேப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை வெளியே எடுத்துத் திறந்து பார்ப்பார்.

“எதுக்குக்கா இந்த வேலை? அதான் ஓகேன்னு வந்துடுச்சே” என்றேன் ஒருமுறை.

“எழுதினா போதுமா ஷங்கர்? திரும்ப வருதான்னு பாக்க வேணாமா? அது ஓகேன்னுதான் சொல்லும். அதுக்கென்ன தெரியும்.”

செப்டம்பரில் ஒரு பிற்பகல் கீழே பெயின்ட் கடையில் தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை, பெயின்டில் கலக்கும் தின்னர் டப்பா ஒன்று எரிந்தது. ஆனால் படிக்கட்டு முழுக்கக் கறுப்புப் புகை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். அக்கா கடைசியாக இறங்கி வந்தார். முந்தானையில் ஏதோ முடிந்திருந்தது. அவிழ்த்தால் ஐந்து டேப்.

புகை அடங்கிய பிறகு மேலே வந்து, ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டே பாலகுமார் சொன்னார்: “நெருப்புப் பிடிச்சா சர்வரும் போகும், பக்கத்துல இருக்கற டேப்பும் போகும். சாந்தகுமாரி, இனிமே வெள்ளிக்கிழமை டேப்ப நீங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. நூறு கிலோமீட்டர் தள்ளி! அதவிடப் பத்திரமான இடம் எங்க கிடைக்கும்?” சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் அவரிடமிருந்து நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இதை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அக்கா சிரிக்கவில்லை. “நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார், எடுத்துட்டுப் போறேன்னு” என்றார். பாலகுமார் போட்டார். மூன்று மாதம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போட்டார். அப்புறம், “இதெல்லாம் எதுக்கு, நீங்க எடுத்துட்டுப் போங்க” என்று விட்டுவிட்டார்.

சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, அதற்குள் பாலிதீன் சுற்றிய டேப்பை வைத்து மூடித்தான் அக்கா ரயில் ஏறுவார். சாம்பியன் பகுதியில் சுரங்கக் கழிவுமண் மலைமலையாகக் குவிந்திருக்கும். காற்றுக் காலத்தில் அந்த வெள்ளைத் தூசி வீட்டுக்குள் சோற்றுத்தட்டு வரைக்கும் வரும். அதனால் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாக்கள் இரண்டு வாங்கி, மருந்து பாட்டிலிலும் செருப்புப் பெட்டியிலும் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு, அவற்றில் டேப்புகளை வைத்திருந்தார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை டேப் அங்கேயே தங்கிவிடும். மற்றவை நாலு வாரம் கழித்துத் திரும்ப ஆபீசுக்கு வரும்.

2000ஆம் ஆண்டு நடுவில், சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு உறுதியாயிற்று. அக்கா குடியிருந்த லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். ஊர் கலைந்துபோவதற்கு முன் யார் யாருக்கு நோய் இருக்கிறது என்று ஒரே இடத்தில் எழுதிவைத்தால், நாளைக்கு வைத்தியத்துக்காவது யாரிடமாவது கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் எக்ஸ்ரே ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் கொண்டுவந்து காட்டுவார்கள். அக்கா அவற்றை வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசில் உட்கார்ந்து அடித்து, அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுத்துவிடுவார். பெயர், சுரங்கத்தில் கொடுத்த டோக்கன் நம்பர், எந்தக் குழி, எத்தனை வருஷம், எக்ஸ்ரே எடுத்த தேதி, டாக்டர் எழுதியது. பாலகுமாரிடம் கேட்டுத்தான் செய்தார். “தாராளமா பண்ணுங்க” என்றார் அவர். சர்வரில் ‘சாந்தா’ என்று ஒரு ஃபோல்டர். மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் வெள்ளிக்கிழமை டேப்பில் ஏறும்.

2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. தாஸ் வீட்டில் உட்கார்ந்தார். வேலை தேடி ஆட்கள் பெங்களூருக்கும் குடியாத்தத்துக்கும் வாணியம்பாடிக்கும் போகத் தொடங்கினார்கள். ஜூன் மாதத்துக்குள் பட்டியலில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள்.

எங்கள் தொழிலும் அந்த வருஷம்தான் சரிந்தது. புது வெப்சைட் யாரும் கேட்கவில்லை. வாரம் ஒருவர் என்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியைக் காப்பாற்ற பாலகுமார் ஒரு பங்குதாரரைக் கொண்டுவந்தார். வெங்கடகிருஷ்ணன். ஒரு பெரிய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் கணக்குக் கேட்பவர். அவர் வந்த இரண்டாம் மாதம், யுவன் என்ற புரோகிராமர் வேலையை விட்டுப் போனான். போன கையோடு எங்களிடம் இருந்த ஒரு திருமணத் தகவல் வெப்சைட் வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. மணமக்கள் விவரங்கள் அப்படியே, ஒரு எழுத்துப் பிழைகூட மாறாமல், அங்கே ஏறியிருந்தன.

யுவன் எப்படி எடுத்தான் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அவன் தன் கம்ப்யூட்டரிலிருந்தே சிடியில் எழுதிக்கொண்டு போயிருந்தான். ஆனால் வெங்கடகிருஷ்ணன் முதலில் கேட்டது டேப்புகளை.

“திங்கள், செவ்வாய், புதன், வியாழன் இருக்கு. வெள்ளிக்கிழமை டேப் எல்லாம் எங்க?”

“வீட்ல இருக்கு சார்” என்றார் அக்கா.

“யார் வீட்ல?”

“எங்க வீட்ல. கேஜிஎஃப்ல.”

“கம்பெனியோட மொத்த டேட்டாவும் உங்க வீட்ல இருக்கு. யாரக் கேட்டு எடுத்துட்டுப் போனீங்க?”

“பாலா சார்தான் சொன்னாரு.”

வெங்கடகிருஷ்ணன் பாலகுமார் பக்கம் திரும்பினார். பாலகுமாரின் முகத்தில் ரத்தம் இல்லை. வாடிக்கையாளர்களின் விவரங்களை ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டில் வைக்கச் சொன்னேன் என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

“பத்திரமா வைங்கன்னு சொல்லியிருப்பேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னதா... எனக்கு ஞாபகம் இல்ல சார்.”

அக்கா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஷங்கர், நீ இருந்தியே அன்னிக்கு. பெயின்ட் கடை எரிஞ்ச அன்னிக்கு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் எனக்கு மறுபக்கத்து மேஜைக்காரனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

“எனக்குச் சரியா ஞாபகம் இல்லக்கா” என்றேன்.

அக்கா என்னிடமிருந்து திரும்பினார். “நோட்டுல சார் கையெழுத்து இருக்கு” என்று மட்டும் சொன்னார். சர்வர் பக்கத்து அலமாரியில்தான் நோட்டு இருக்கும். போய்ப் பார்த்தார். இல்லை.

1999 செப்டம்பரிலிருந்து அன்று வரை வீட்டில் இருந்தவை இருபத்துநான்கு டேப். ‘சாந்தா’ ஃபோல்டரையும் வெங்கடகிருஷ்ணன் திறந்து பார்த்தார். கம்பெனி கம்ப்யூட்டரில் சொந்த வேலை செய்தவர் வேறு எதையும் செய்யத் தயங்கமாட்டார் என்று, போலீசுக்குக் கொடுத்த புகாரில் ஒரு வரி சேர்த்தார்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, போலீஸ் ஜீப்பில் அக்காவைத் தங்கவயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டேப்புகளை அடையாளம் காட்டவும், பறிமுதல் விவரம் எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போடவும் ஆபீஸ் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். கம்பெனி என்னை அனுப்பியது. மூன்று மணிநேரம் அதே ஜீப்பில், அவருக்கு எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

லைன் வீடு. முன்னறை ஒன்று, பின்னால் அடுப்படி. சுவரில் ஒரு புத்தர் படம். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தாஸ் பனியனோடு எழுந்து வந்தார்.

“இன்னா சாந்தா? இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. அந்த ரெண்டு டப்பாவையும் எடு.”

இன்ஸ்பெக்டர் டப்பாவைத் திறந்து டேப்புகளை முன்னறைத் தரையில் கொட்டினார். “இஷ்டேனா?” இவ்வளவுதானா என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். நான் ஒவ்வொன்றின் மேலும் இருந்த எண்ணைப் படித்தேன், ஏட்டு எழுதிக்கொண்டார். டேப் தனி, டப்பா தனி என்று பிரித்து எழுதினார்கள். டேப்புகளைச் சாக்குப்பையில் போட்டு வெளியே ஜீப்பின் பானெட் மேல் வைத்தார்கள்.

“சார், அத வெயில்ல வைக்காதீங்க. கெட்டுப்போயிடும்” என்றார் அக்கா.

ஏட்டு சிரித்தார். கூட்டத்தில் யாரோ, “பெங்களூர்ல திருடிட்டாங்களாம்” என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

பதினோரு நாள் சிறையில் இருந்தார். ஜாமீனுக்கு நிலமோ வீடோ சொந்தமாக உள்ள ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். லைனில் யாருக்கும் சொந்தமாகச் செங்கல்கூட கிடையாது. எல்லாமே சுரங்கத்தின் வீடுகள். கடைசியில் அதே ரயிலில் வந்துபோகும் கோவிந்தப்பா என்பவர், பங்காருபேட்டையில் கொஞ்சம் நிலம் உள்ளவர், நிலப் பத்திரத்தோடு வந்தார். அவருடைய தம்பியின் பெயர் அக்காவின் பட்டியலில் இருந்தது. சிறையிலிருந்து வந்தபோது அக்காவின் தலைமுடி காதுக்கு மேல் வெட்டப்பட்டிருந்ததாகத் தாஸ் பிறகு சொன்னார். பேன் என்று சொல்லி வெட்டினார்களாம். அனுஷா ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை.

ஆகஸ்டில் ஒரு மழை நாளில் மின்சாரம் இரண்டு முறை போய்ப் போய் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது சர்வரின் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகப் போயின. அக்காவுக்குப் பிறகு டேப் வேலையை ரிசப்ஷன் பெண் வைஷ்ணவியிடம் கொடுத்திருந்தார்கள். எப்படிச் செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளே இருந்த ஒரே டேப்பின் மேல் தினமும் அவள் பட்டனை அழுத்தியிருக்கிறாள், ஓகே என்று வந்திருக்கிறது. போட்டுப் பார்த்தோம். காலி. மற்ற நாள் டேப்புகளில் அன்றன்றைய மாற்றம் மட்டும்தான் இருக்கும். முழு நகல் இல்லாமல் அவற்றால் பயனில்லை.

கம்பெனியின் இரண்டு வருஷ வேலை முழுசாக இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு சாக்குப்பையில்.

அது வழக்குச் சொத்து, கோர்ட் உத்தரவு இல்லாமல் தொட முடியாது என்றார்கள். புகார் கொடுத்த கம்பெனியே திரும்பக் கேட்டாலும் அதே பதில்தான். மனு போட்டார்கள். அரசு வக்கீல் இல்லை, தள்ளிவைப்பு. நீதிபதி மாற்றம், தள்ளிவைப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும் என்றார் வக்கீல்.

அதனால் அக்டோபரில் பாலகுமார் தங்கவயலுக்குப் போனார். வழி காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

தாஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டார். “இன்னா சார் வேணும் உங்களுக்கு? இன்னும் இன்னா பாக்கி கீது இங்க?”

உள்ளேயிருந்து அக்கா, “உள்ள வரட்டும்” என்றார். வெட்டிய முடி தோளைத் தொடாமல் நின்றது. இளைத்திருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பாலகுமார் விஷயத்தைச் சொன்னார். அக்கா கடைசிவரை கேட்டார்.

“அப்ப சாந்தா ஃபோல்டரும் போயிடுச்சா?”

“எல்லாமே போயிடுச்சு.”

அக்கா தண்ணீர் தம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார். “மேல எழுதின நம்பர் மங்கிப்போயிருந்தா, எந்த டேப்புல என்ன இருக்குன்னு நோட்டப் பாத்தாதான் தெரியும். நோட்டு இருக்கா?”

பாலகுமார் தரையைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் நோட்டு என்ன ஆனது என்று எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது.

“நீங்கதான் எடுத்துட்டுப் போகச் சொன்னீங்கன்னு எழுதிக் கொடுங்க சார். நானும் எழுதிக் கொடுக்கறேன்.”

“அப்படி எழுதினா பொய்ப் புகார்னு என் மேல கேஸ் வரும்னு வக்கீல் சொல்றாரு, சாந்தகுமாரி. வெங்கடகிருஷ்ணன் சார் வேற...”

“அப்ப போயிட்டு வாங்க.”

நாங்கள் எழுந்தோம். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இருபதடி நடந்திருப்போம். பின்னாலிருந்து கூப்பிட்டார். வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“காகிதத்தக் கொண்டாங்க. கையெழுத்துப் போடறேன்.”

“சாந்தா!” என்று தாஸ் கத்தினார்.

“அறுநூறு பேரு யா அதுல. பாதிப் பேரு ஊர்லயே இல்ல. சீட்டெல்லாம் எங்க போச்சோ. நான் எங்கன்னு போயி தேடுவேன்?” என்றார் தாஸிடம். குரல் உடைந்தது அந்த ஒரு தடவைதான். பாலகுமாரின் பேனாவை வாங்கி, சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்படியும் உத்தரவு வர ஐந்து மாதம் ஆயிற்று. 2002 மார்ச்சில் ஸ்டேஷனுக்குப் போனோம். டேப்புகளை எண்ணிச் சரிபார்க்க அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். பறிமுதல் சாமான்கள் கிடக்கும் அறை பின்பக்கம், சைக்கிள்களும் சாராயக் கேன்களுமாக. மழையில் கூரை ஒழுகியிருந்தது. எவர்சில்வர் டப்பாக்கள் இரண்டும் மேல் அலமாரியில் காலியாக, பளபளவென்று சீட்டு ஒட்டப்பட்டு இருந்தன. சாக்கு தரையில் கிடந்தது. தூக்கியபோது அடிப்பக்கம் கிழிந்தது.

எண்ணிக்கை சரியாக இருந்தது. இருபத்துநான்கு. அக்கா ஒவ்வொன்றையும் எடுத்து முந்தானையால் துடைத்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. சிலவற்றில் நாடாவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

என்னென்னவோ செய்து மூன்று டேப்பைத்தான் படிக்க முடிந்தது. அதில் இரண்டு, பட்டியல் தொடங்குவதற்கு முந்தியவை. மூன்றாவது 2000 செப்டம்பர் டேப். அதில் ‘சாந்தா’ ஃபோல்டர் இருந்தது, நூற்று நாற்பத்து மூன்று பெயர்களோடு. அதை ஒரு ஃப்ளாப்பியில் போட்டுத் தங்கவயலுக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. மே மாதம் கம்பெனியை மூடினார்கள். பாலகுமார் வெளிநாடு போனார் என்று கேள்வி. வெங்கடகிருஷ்ணன் அதற்கடுத்த வருஷம் இறந்துபோனார்.

வழக்கு மட்டும் முடியவில்லை. புகார் கொடுத்தவர்கள் இல்லாவிட்டாலும் கோர்ட் தேதி கொடுத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் அக்கா வந்தார். திருட்டு வழக்கு இருப்பவருக்குக் கம்ப்யூட்டர் உள்ள எந்த ஆபீசிலும் வேலை கிடைக்கவில்லை. பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் சட்டைக்குக் காலர் தைத்தார். கோர்ட் தேதி அன்று சம்பளம் பிடிப்பார்கள்.

2005 பிப்ரவரியில் மகஜர் சாட்சி என்று எனக்குச் சம்மன் வந்தது. அப்போது நான் ஈஜிபுராவில் குடியிருந்து வேறொரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தேன். இழக்க ஒன்றுமில்லாத நாளில்தான் எனக்கு உண்மை பேச வந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. கூண்டில் ஏறி, டேப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னது பாலகுமார்தான், நான் நான்கடி தூரத்தில் நின்று கேட்டேன், நோட்டில் அவர் கையெழுத்தையும் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன்.

“இதை ஏன் அப்போதே போலீசிடம் சொல்லவில்லை?” என்று நீதிபதி கேட்டார்.

“வேலை போயிடும்னு பயந்தேன்” என்றேன்.

அவர் அதை எழுதச் சொன்னார். டைப்பிஸ்ட் அடிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஏப்ரலில் அக்காவை விடுதலை செய்தார்கள்.

சாட்சி சொன்ன அன்று வராந்தாவில் அவர் எதிரே போய் நின்றேன். “அக்கா” என்றேன்.

“நீங்க சொன்னதுக்கு நன்றி சார்” என்றார். ஏழு வருஷத்தில் என்னை அவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “நாலு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா டேப் எங்க வீட்லயே இருந்திருக்கும்.” திட்டுகிற குரலில் சொல்லவில்லை. நாள், கிழமை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

2006இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கவயலுக்குப் போனேன். கூப்பிடாமல்தான் போனேன். அக்கா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஞாயிறுகளில் ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்திருப்பதாகத் தாஸ் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இருமினார். நெடுநேரம் இருமினார். தாஸின் பெயர் பழைய பட்டியலில் கிடையாது.

பிரவுசிங் சென்டரில் அக்கா மூலை மேஜையில் இருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை நிறையக் காகிதங்கள். வீடுவீடாகப் போய்த் திரும்பச் சேகரித்தவை. சிலவற்றில் ஆளுடைய மனைவியின் கைநாட்டு மட்டும்.

“நான் ஒரு வெப்சைட் பண்ணித் தர்றேங்க்கா. இலவசமா. எல்லாப் பெயரையும் அதுல போட்டுடலாம்” என்றேன்.

“வேணாம் சார். இவங்க யாரும் நெட் பாக்கறவங்க இல்ல.”

“டைப்பாவது பண்றேன்.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்சம் யோசித்தார். “டைப் நான் பண்ணிக்கறேன். எனக்கு இப்ப சின்ன எழுத்து தெரியமாட்டேங்குது. நீங்க படிங்க.”

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். துணிப்பையிலிருந்து முதல் காகிதத்தை எடுத்தேன். பெயர் படித்தேன், டோக்கன் நம்பர் படித்தேன், வருஷம் படித்தேன். அவர் அடித்தார். எக்ஸ்ரே தேதி இருக்கவேண்டிய இடத்தில் வெறுமையாக இருந்தால், “சீட்டு இல்லை” என்று அவரே அடித்துக்கொண்டார். சில பெயர்களைப் படித்ததும் கையை நிறுத்தி, “அவரு போன தை மாசம் போயிட்டாரு” என்பார். அதையும் அடிப்பார். மாலை ரயிலுக்குள் நாற்பத்தோரு பெயர் முடிந்தது. அதில் பதினேழு பெயருக்கு எதிரே தேதி மட்டும்தான் இருந்தது. எக்ஸ்ரே எடுத்த தேதி அல்ல, ஆள் போன தேதி.